வாசித்துக் காட்டாத ஒரு வரி

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். "மெகர் அக்கா, இப்பல்லாம் ஸ்டேட்மென்ட்ட கம்ப்யூட்டரே எழுதிக் குடுத்துடுது. பத்து நிமிஷம்தான். ஃபைல் அட்டையில 'வாசித்துக் காட்டினேன்'னு ஒரு கட்டம் இருக்குதே, அத எடுத்துடலாமான்னு மீட்டிங்ல கேக்குறாங்க. அந்தக் கட்டத்த விடாம புடிச்சிக்கினு இருந்தது நீங்கதானாமே?" என்றாள்.

"எடுக்காத" என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டேன். அவள் ஏன் என்று கேட்டது காதில் விழுந்தது. போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சரியான பயந்தாங்கொள்ளி. கோட்டக்குப்பத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் வளைகுடாவில் இருந்தார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். போன் மணி அடித்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும் பெண்கள் நாங்கள். தபாலில் பி.ஏ. ஆங்கிலம் படித்து, தட்டச்சு கற்று, ஊரை ஒட்டிய ஒரு சின்ன அறக்கட்டளையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அங்கே சேர்ந்த பிறகு பயப்பட இன்னும் நிறைய கிடைத்தது.

எங்கள் வேலை இதுதான். படம் வரைகிறவர்கள், கல் கொத்துகிறவர்கள், மண்ணில் உருவம் செய்கிறவர்களுக்கு எங்கெங்கோ உள்ள நிறுவனங்கள் நல்கை என்று பண உதவி தரும். சிலது ரெசிடென்சி தரும். அதாவது இரண்டு மூன்று மாதம் ஓர் ஊரில் தங்க வைத்து, சாப்பாடு போட்டு, நீ உன் படத்தை மட்டும் வரை என்று விட்டுவிடுவார்கள். அதற்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் போட வேண்டும். விண்ணப்பத்தில் முக்கியமானது ஸ்டேட்மென்ட்: நான் யார், ஏன் இதைச் செய்கிறேன் என்று கலைஞரே சொல்லும் ஒரு பக்கம். எங்கள் ஆட்களுக்கு ஆங்கிலம் வராது என்பதால் அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன்.

எனக்கு முன்னால் இருந்த யாரோ ஒரு புண்ணியவான் படிவத்தைத் தமிழாக்கும்போது ஸ்டேட்மென்ட் என்பதை 'வாக்குமூலம்' என்று போட்டுவிட்டார். அதைப் பார்த்ததும் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். "வாக்குமூலமா? நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்று ஒருவர் வாசல் வரை போய்விட்டார். அவரைத் திரும்பக் கூட்டிவர டீ வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது நினைத்தால் அந்தத் தமிழாக்கம் அவ்வளவு தப்பு இல்லை என்று தோன்றுகிறது.

எங்கள் இயக்குநர் தணிகாசலம் சார். அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். பச்சை மையை மட்டும் அங்கிருந்து விடாமல் கொண்டுவந்துவிட்டார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. நான் டைப் செய்த பக்கத்தை மேசையில் வைத்து, ஒரு மர ஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைப்பார். அந்த வரியைப் படித்து முடிக்கும்வரை ஸ்கேல் நகராது. சந்தேகம் வந்தால் ஓரத்தில் பச்சையில் 'யா.சொ?' என்று எழுதுவார். யார் சொன்னது என்று அர்த்தம். கலைஞர் சொன்னதா, நீயாகச் சேர்த்ததா? நான் என் தமிழ்க் குறிப்புத்தாளை எடுத்து, அந்த வார்த்தை அவர்கள் வாயிலிருந்து வந்த இடத்தை விரலால் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அந்த வரி போச்சு. ஸ்கேல் ஒவ்வொரு வரியாக இறங்கும் அந்த அரை மணி நேரமும் குறிப்புத்தாளில் விரலை வைத்தபடியே நிற்பேன்.

இத்தனைக்கும் பிறகு ஒரு கடைசி வேலை உண்டு. ஆங்கிலத்தில் முடிந்த பக்கத்தை எடுத்துக்கொண்டு கலைஞரிடம் போய், அதை வரிவரியாகத் திரும்பத் தமிழில் சொல்லிக் காட்ட வேண்டும். அவர் தலையாட்டினால்தான் தபால். ஃபைல் அட்டையில் 'வாசித்துக் காட்டினேன்' என்ற கட்டத்தில் தேதி போட்டு நான் கையெழுத்து வைக்க வேண்டும்.

சேர்ந்த புதிதில் இது எனக்கு வெட்டி வேலையாகப் பட்டது. பெருமுக்கல் என்ற ஊரில் ஒரு கல் தச்சருக்கு எழுதினேன். 'கல் என்னோடு பேசுகிறது' என்று நானாக ஒரு வரி சேர்த்திருந்தேன். அப்படி எழுதினால் நல்கை தருகிறவர்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு கணக்கு. சார் எப்படியோ கவனிக்காமல் விட்டுவிட்டார். பெரியவருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே வந்தவர் உளியைக் கீழே வைத்தார். "ஏம்மா, கல்லு பேசுனா நான் இங்க குந்திக்கினு இருப்பனா? ஓடிப்போயிருக்க மாட்டேன்?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வரியை அடித்தேன். அன்றிலிருந்து வாசித்துக் காட்டாமல் ஒன்றையும் அனுப்பியதில்லை, ஒரு தடவையைத் தவிர.

2004 டிசம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது. எங்கள் தெருவரை வரவில்லை. ஆனால் கடற்கரைச் சாலையில் இருந்த எல்லாருடைய பேச்சிலும் வந்துவிட்டது. சுனாமி என்று பேப்பரில்தான் எழுதினார்கள். எங்கள் பக்கத்து மீனவர்களும் உப்பளத்து ஆட்களும் அப்படிச் சொன்னதில்லை. 'தண்ணி வந்துச்சு', 'தண்ணி வந்த அன்னைக்கு', 'தண்ணிக்கு முன்னாடி', 'தண்ணிக்கு அப்புறம்'. இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நான் பஸ்ஸில் மேற்குப் பக்க சீட்டில்தான் உட்காருவேன். சாலையிலிருந்து கடல் பெரும்பாலும் தெரியாது. சவுக்குத் தோப்பும் தென்னையும் மறைத்துவிடும். தெரியாததுதான் இன்னும் பயம். எந்த மரத்துக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கிறதோ என்று இருக்கும்.

2005 தொடக்கத்தில் விண்ணப்ப அறிவிப்புகள் குவிந்தன. கரையோரக் கலைஞர்களுக்கு என்றே தனியாக. எல்லாப் படிவத்திலும் புதிதாக ஒரு கேள்வி: அலை உங்கள் கலையை எப்படி மாற்றியது? சார் அந்தக் கேள்விக்குக் கீழே ஸ்கேலை வைத்து வெகுநேரம் பார்த்தார். "மாத்தலைன்னா என்ன செய்யணுமாம்?" என்று கேட்டார்.

அந்த மாசியில்தான் தனலட்சுமி வந்தாள். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். முப்பத்திரண்டு வயது. எட்டாவது வரை படிப்பு. நாங்கள் நடத்திய ஒரு முகாமில் கரி பிடித்து வரையக் கற்றவள். பழைய உப்புச் சாக்கைப் பிரித்து, விரித்து, அதன்மேல் கரியாலும் சுண்ணாம்பாலும் வரைவாள். நான் பார்த்த படங்களில் நெஞ்சைப் பிடித்து நிறுத்தியது அவளுடையதுதான். வெடித்த பாதங்கள், வரப்பு, பாத்தியில் குனிந்திருக்கும் பெண்கள். ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் ஓர் ஆண், முதுகைக் காட்டிக்கொண்டு.

அவளுக்கு ஐரோப்பாவில் ஓர் ஊரில் மூன்று மாத ரெசிடென்சி கேட்க வேண்டும்.

"வேல ஒன்னும் சொல்லாம மூணு மாசம் சோறு போடுவாங்களா? எதுக்குக்கா?" என்று சந்தேகமாகக் கேட்டாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "எனக்குக் கண்ணு மங்கிக்கினு வருது. வெயில்ல அந்த உப்பு வெள்ளைய பாத்துப் பாத்து. இப்டியே போனா ஆவாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மூணு மாசம் அந்த வெள்ளைய பாக்காம இருந்தா போதும். கண்ணு போறதுக்குள்ள மனசுல இருக்கறத வரைஞ்சிடணும்."

எழுதிக்கொண்டேன். பிறகு அந்த முதுகைக் காட்டிக் கேட்டேன், "இது யாரு?"

"எந்தம்பி" என்றாள். கொஞ்ச நேரம் சாக்கின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணியில போயிட்டான்க்கா."

அவள் கண்ணில் நீர் நின்றது. எனக்கும் வந்துவிட்டது. அந்த மாதங்களில் அதற்கு மேல் யாரிடமும் கேட்க மாட்டோம். எந்த இடம், உடல் கிடைத்ததா என்றெல்லாம் கேட்பது புண்ணில் கோல் விடுவது. 'தம்பி தண்ணியில போயிட்டான்' என்று அவள் சொன்னபடியே குறிப்புத்தாளில் எழுதினேன். ஆங்கிலத்தில் 'கடல் என் தம்பியைக் கொண்டுபோய்விட்டது' என்று டைப் செய்தேன். அலை கலையை எப்படி மாற்றியது என்ற கேள்விக்குக் கீழேயே அந்த வரி போய் அழகாக உட்கார்ந்துகொண்டது.

சார் அப்போது கண்புரை அறுவைக்காக விடுப்பில் இருந்தார். எனவே ஸ்கேல் இல்லை, பச்சை மை இல்லை. வாசித்துக் காட்டுவது மட்டும் பாக்கி. கடைசி நாள் காலையில் மரக்காணத்துக்கு பஸ் ஏறினேன். சாயங்காலம் ஐந்துக்குள் புதுச்சேரியில் கூரியரில் சேர்க்க வேண்டும். நேரம் இருந்தது.

பாதி வழியில் ஒரு மீனவக் குப்பத்து நிறுத்தத்தில் பஸ் நின்றபோது வெளியே பெண்கள் கத்தினார்கள். "தண்ணி வந்துடுச்சு! ஓடியா, ஓடியா, தண்ணி வந்துடுச்சு!"

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு வரிசையாக ஞாபகம் இல்லை. டிரைவர் ஒரு பக்கம் குதித்தார். நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து இறங்கி மேற்கே சவுக்குத் தோப்புக்குள் ஓடினோம். என் ஒரு செருப்பு போயிற்று. முந்தானை முள்ளில் மாட்டிக் கிழிந்தது. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவருடைய குழந்தையை நான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அது யாருடையது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதன் தாய் வந்து பிடுங்கிக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. குப்பத்துக்குக் குடிதண்ணீர் லாரி வந்திருக்கிறது. பெண்கள் குடத்தோடு ஒருவரை ஒருவர் கூப்பிட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

சிலர் சிரித்தார்கள், சிலர் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். கடலோரமாக இன்னும் பத்து மைல் வடக்கே போக என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது. எதிரே வந்த பஸ்ஸில் ஏறி அலுவலகத்துக்குத் திரும்பினேன். அவள்தானே சொன்னாள், சொன்னதைத்தானே எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'வாசித்துக் காட்டினேன்' கட்டத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். நாலேமுக்காலுக்குக் கூரியரில் சேர்த்தேன்.

தண்ணி என்ற ஒரே சொல்லை இரண்டு பேர் இரண்டு விதமாகக் கேட்டு அன்றைக்கு ஊரே ஓடியது. அந்த ஓட்டத்தில் நானும் இருந்தேன். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

கோடையில் கடிதம் வந்தது. இறுதிச் சுற்றில் தனலட்சுமி. தேர்வுக் குழுவிலிருந்து ஒரு அம்மா டெல்லியிலிருந்து நேரில் வந்து அவளையும் படங்களையும் பார்ப்பார். கடிதத்தில் என் வரியை அப்படியே எடுத்துப் போட்டு, இந்த இழப்பு எங்களை உலுக்கிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேற்குப் பக்க சீட்டில் உட்கார்ந்து மரக்காணம் போனேன்.

தனலட்சுமியின் வீடு உப்பளத்தை ஒட்டிய காலனியில். வாசலில் வேப்ப மர நிழலில் ஓர் ஆள் குப்புறக் கிடந்தான். அந்த முதுகை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது.

"யாரு இது?" என்றேன்.

"எந்தம்பிதாங்க்கா. சேகரு. சொன்னேனே உங்ககிட்ட."

"உனக்கு எத்தனை தம்பி?"

"ஒரே தம்பி. அதுவும் இந்த லட்சணம். தண்ணியில போயிட்டான்னு அன்னைக்கே சொன்னேன் இல்ல? காலங்காத்தால ஊத்திக்கினு வந்து கெடக்குறான் பாருங்க. கட்டினவளும் போயிட்டா. வேலைக்குப் போயி ரெண்டு வருஷம் ஆவுது."

குடிப்பதைத் தண்ணி என்று சொல்வது தெரியாத தமிழ் ஆள் உண்டா? எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு புழங்காதே தவிர, எனக்கும் தெரியும். ஆனால் அந்த மாசியில் கடற்கரையில் அந்தச் சொல்லுக்கு எனக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. உயிரோடு இருக்கும் ஒருவனை நான் கடலில் தள்ளிவிட்டிருக்கிறேன்.

"இன்னாக்கா, ஒரு மாதிரி ஆயிட்டீங்க? தண்ணி வேணுமா?" என்று தனலட்சுமி கேட்டாள்.

கடிதச் செய்தியை மட்டும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். வரியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த பத்து நாள் நான் பட்ட பயத்தை எதனோடும் ஒப்பிட முடியாது. அப்போது சாகாதவரைச் செத்ததாகச் சொல்லி நிவாரணம் கேட்டவர்களைப் பற்றி ஊருக்கு ஊர் பேச்சு. விசாரணை என்று ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தனலட்சுமி பெயரும் அந்தப் பேச்சில் சேர்ந்தால் காலனியில் அவள் தலைகாட்ட முடியாது. ரெசிடென்சி போகும். கண்ணும் போகும். வாசித்துக் காட்டினேன் என்ற என் பொய்க் கையெழுத்து சார் முன்னால் ஸ்கேலுக்கு மேலே நிற்கும். இதையெல்லாம் விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. செத்துவிட்டான் என்று எழுத்தில் போட்டுவிட்டோமே, அது பலித்துவிட்டால்? தொழுகையில் நெற்றி தரையில் பட்டிருக்கும்போதும் அந்த முதுகுதான் கண்முன் வந்தது.

பயம் ஆளைக் கெட்டவனாக்கும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். மறுபடி தனலட்சுமியிடம் போனேன். "டெல்லிக்காரங்க வர்ற அன்னைக்கு உன் தம்பிய எங்கயாவது அனுப்பி வைக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"ஏங்க்கா?"

"இல்ல, பெரிய மனுஷங்க வர்றாங்க. அவன் இப்டி குடிச்சிட்டுக் கெடந்தா நல்லா இருக்காதுல்ல."

அவள் முகம் சுருங்கியது. "சரிக்கா. பெருமுக்கல்ல அத்த வீட்டுக்கு அனுப்பிடுறேன்" என்றாள். அந்த அவமானத்தை அவள் தலையில் கட்டிவிட்டு நான் பஸ் ஏறினேன். அந்த வரியை எழுதியதைவிட இதுதான் பெரிய குற்றம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

டெல்லி அம்மா வந்தார். நல்ல மனுஷி, நரைத்த தலை, மெல்லிய குரல். கண் சரியாகித் திரும்பியிருந்த சாரும் கூட வந்தார். சாருக்கு இரண்டு மொழியும் தெரியும். மொழிபெயர்க்கிறேன் என்று நான் எதையும் மாற்றிச் சொல்ல முடியாது. தனலட்சுமி உப்பள வரப்பில் இரண்டு கழி நட்டு, கயிறு கட்டி, சாக்குப் படங்களைத் தொங்கவிட்டிருந்தாள். வெள்ளை வெயிலில் அவை கறுப்பாக அசைந்தன. அந்த அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாதங்கள் இருந்த படத்தின் முன்னால் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். முதுகுகள் வரும்போதெல்லாம் அமைதியாகத் தலையசைத்தார். எனக்கு ஒவ்வொரு தலையசைப்புக்கும் உயிர் போய் வந்தது.

பிறகு காரிலிருந்து ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்து வரச் சொன்னார். உள்ளே பெரிய ரோஜா மாலை. வழியில் டிரைவரிடம் விசாரித்து வாங்கியிருக்கிறார். "இதை எங்கே போட வேண்டும் என்று அவளிடம் கேளுங்கள்" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். செத்துப்போன தம்பிக்காக வாங்கியது அது.

நான் அதைத் தமிழில் சொல்வதற்குள் தனலட்சுமி மாலையைப் பார்த்தாள். நம் ஊரில் பெரியவர்கள் மாலையோடு வந்தால் எதற்கு? அவள் முகம் அப்படியே மலர்ந்தது. வெட்கத்தோடு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இரண்டு அடி முன்னால் வந்து, குனிந்து கழுத்தை நீட்டினாள்.

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. இது ஏதோ வழக்கம் போல என்று நினைத்துக்கொண்டு மாலையைத் தூக்கினார்.

"வேணாம்!" என்று கத்தினேன். மாலையைப் பிடித்து இழுத்துவிட்டேன். நூல் அறுந்து ரோஜா இதழெல்லாம் பாத்தித் தண்ணீரில் கொட்டியது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஆங்கிலத்தில் பாதி, தமிழில் பாதி. எது யாருக்கு என்றே தெரியாமல் சொன்னேன்.

டெல்லி அம்மா மெதுவாக வரப்பில் உட்கார்ந்துவிட்டார். சார் என்னைப் பார்க்கவே இல்லை, தண்ணீரில் மிதந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனலட்சுமிதான் பேசினாள். குரல் உயரவில்லை.

"எந்தம்பி செத்துட்டான்னு எழுதினீங்களா?"

"தெரியாம..."

"அவன் செத்துத் தொலைஞ்சா நல்லா இருக்கும்னு நான் எத்தினியோ நாள் நெனச்சிருக்கேன்க்கா. உப்பு சுமந்துக்கினு போறப்ப நெனச்சிருக்கேன். ஆனா வாய் திறந்து சொன்னதில்ல. ஒருநாளும் சொன்னதில்ல. நீங்க எப்டி எழுதுவீங்க?"

நான் அழுதுகொண்டு நின்றேன்.

தவறான தகவல் உள்ள விண்ணப்பத்தை இந்த முறை எடுக்க முடியாது என்று அந்த அம்மா வருத்தத்தோடு சொன்னார். அடுத்த சுற்றுக்கு மறுபடி போடலாம். நடந்ததைத் தானே குழுவிடம் விளக்குவதாகச் சொன்னார். அந்தச் சுற்றுக்கு இன்னும் பல மாதம் இருந்தது. தனலட்சுமி கண்ணுக்கு மேல் கையை வைத்து நிழல் செய்துகொண்டு படங்களைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

மறுநாள் சார் என்னைக் கூப்பிட்டார். என்னை வேலையை விட்டு அனுப்பப் போகிறார் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். அவர் ஃபைலைத் திறந்து, அந்த ஆங்கில வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்தார். ஓரத்தில் பச்சையில் 'யா.சொ?' என்று எழுதினார். ஃபைலை என் பக்கம் தள்ளி, பேனாவையும் நீட்டினார். முதல் முறையாக அந்தப் பேனா என் கையில். கீழே 'நான்' என்று எழுதினேன்.

அட்டையைத் திருப்பினார். "இங்க கையெழுத்து போட்டிருக்கியே. யாருக்கும்மா வாசிச்ச?"

"யாருக்கும் இல்ல சார்."

"ஏன்?"

"பயந்துட்டேன் சார்."

கொஞ்ச நேரம் ஸ்கேலைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பயந்தா பயந்தேன்னு எழுதிட்டுப் போயிருக்கலாம். வாசிக்கலன்னு போட்டிருந்தா லீவு முடிஞ்சு வந்ததும் நான் ஆள் அனுப்பிக் கேட்டிருப்பேன்" என்றார். "போ. அந்தப் பொண்ணுகிட்ட போய் முதல்ல இருந்து கேளு." அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

தனலட்சுமி இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. மூன்றாவது மாதம் அவளாகவே வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, "எழுதிக்கோங்க" என்றாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நான் அர்த்தம் கேட்டேன். "தண்ணின்னா எது?" என்று கேட்டபோது முதல் தடவையாகச் சிரித்தாள். அன்று அவள் சொன்னது இது: 'என் தம்பி குடிக்கிறான். உயிரோடு இருக்கிறான். அவன் முகத்தை வரைய எனக்குப் பயம். எங்கள் பக்கம் செத்தவர்கள் முகத்தைத்தான் படமாக மாட்டுவோம். வரைந்துவிட்டால் அதுவே கடைசிப் படம் ஆகிவிடுமோ என்று முதுகை மட்டும் வரைகிறேன்.' உப்பளத்துக்கே போய் வரப்பில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "இதான்" என்றாள்.

2006 ஜனவரியில் அவள் கிளம்பினாள். மரக்காணம் பஸ் நிறுத்தத்தில் வழியனுப்பப் போயிருந்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டவள் என் பக்கம் திரும்பி, "அக்கா, நான் வர்ற வரைக்கும் வாரத்துக்கு ஒரு தபா அவன பாத்துட்டு வாங்க. நீங்கதான அவன சாவடிச்சீங்க. இருக்கானான்னு பாத்துச் சொல்ல வேண்டியதும் நீங்கதான்" என்றாள். கேலி மாதிரி சொன்னாள். கேலி இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வியாழக்கிழமைதோறும் காலையில் போனேன். இறங்கியதும் கண் தேடும். கடைப் பக்கம், வேப்ப மரத்தடி, லாரி நிழல் என்று எங்காவது அந்த முதுகு குப்புறக் கிடக்கும். மூச்சு ஏறி இறங்குகிறதா என்று தூர நின்று பார்ப்பேன். இறங்கி ஏறினால் அல்ஹம்துலில்லாஹ். ஒருவன் குடித்துவிட்டுக் கிடப்பதைப் பார்த்து அல்லாவுக்கு நன்றி சொன்ன ஆள் கோட்டக்குப்பத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சாயங்காலம் அலுவலகத்துக்குத் தனலட்சுமியின் போன் வரும். "இருக்கானா?" "இருக்கான்." அதற்கு அப்புறம்தான் மற்ற பேச்சு. "வெள்ளையே பாக்க வேணாம்னு வந்தா, இங்க பனி கொட்டி ஊரே உப்பளமா கெடக்குதுக்கா" என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தாள். "ஆனா வெயில் இல்ல. கண்ணு எரியல."

மார்ச் கடைசியில் ஒரு வியாழக்கிழமை அவன் எங்கேயும் இல்லை. மரத்தடியில் இல்லை. கடைப் பக்கம் இல்லை. வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில், "காலையில வரப்பு பக்கம் போனான்மா" என்றார்கள். வரப்பை ஒட்டிக் கால்வாய். நான் ஓட ஆரம்பித்தேன். அந்தச் சவுக்குத் தோப்பில் ஓடியது போலத்தான். வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் எழுதிய வரி ஒரு வருஷம் காத்திருந்து பலித்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன்.

கால்வாயில் ஒன்றும் இல்லை. அப்பால் ஒரு பாத்தியில் நாலைந்து பேர் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு முதுகு. நான் மூச்சு வாங்கிக்கொண்டு வரப்பில் நின்றேன். முதுகு நிமிர்ந்தது. திரும்பியது.

"யாருங்கம்மா நீங்க? வாரா வாரம் வர்றீங்க. தூரத்துல நின்னு பாக்குறீங்க, போயிடுறீங்க. நான் உங்களுக்கு எதுனா தரணுமா?"

"இல்லப்பா" என்றேன். "உன்னப் பத்தி ஒரு தபா தப்பா எழுதிட்டேன். அதான் சரிபார்க்க வர்றேன்."

அவனுக்கு என்ன புரிந்ததோ. வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். "இப்ப சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டான்.

அன்று அவன் குடித்திருக்கவில்லை. மறுநாள் குடித்திருப்பான், அதைப் பற்றி நான் பொய் சொல்லமாட்டேன்.

சாயங்காலம் போன் வந்தது. "இருக்கானா?"

"இருக்கான். பாத்தியில நின்னு உப்பு வாருறான்."

மெதுவாகக் கேட்டாள். "நின்னுக்கினு இருந்தானா? மொகத்த பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"சொல்லுங்க. கரி எடுத்துக்கினு வர்றேன், இருங்க."

இடது புருவத்தில் ஒரு தழும்பு என்றேன். கன்னம் ஒட்டியிருக்கிறது, கண் உன்னுடையது மாதிரியேதான், வெயிலுக்குச் சுருக்கிப் பார்க்கிறான் என்றேன். தாடியில் உப்பு ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம் சாக்கில் கரி உரசும் சத்தம் கேட்டது. "திருப்பிச் சொல்லுங்க" என்றாள். நான் பார்த்ததைப் பார்த்தபடி, ஒன்றும் கூட்டாமல், முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன்.